சிரிக்கிற கவி

…புல்லாங்குழல். இருக்காது, செட்டில்தான் ஏதோ கோளாறு, காலையில் வாங்கிய புதுச் சீடி, உறை பிரித்த வாசனை இன்னும் விரலில் இருக்கிறது, அதற்குள் கெட்டுப்போக ஞாயமில்லை, அப்படியானால் ஓட்டோவின் இரைச்சலோ, பின்னால் கால்கட்டோடு கிடக்கும் கோழியோ… காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான் ஷரிபுதீன், கோழி இல்லை, இரைச்சல் இல்லை, புல்லாங்குழலேதான், இழுத்து இழுத்து, குழைந்து குழைந்து, தண்டவாளம் குழுவின் பாட்டுக்குள் புல்லாங்குழல்! பாடத் தொடங்கினால் சுவரில் சுண்ணாம்பு உதிரும் என்று பேரெடுத்தவர்கள், கொழும்பில் றெயில் பாதையோரத்தில் பிறந்து, றெயில் போகிற சத்தத்தை அமுக்கவேண்டும் என்றே கத்திப் பாடிப் பழகிய நாலு பொடியன்கள், தமிழில் றொக் வருமா என்று கேட்டவர்களின் வாயைப் பூட்டியவர்கள், முப்பது வருடமாக அவனுடைய நெஞ்சுக்குள் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறவர்கள்… மாளிகைக்காடு கழிந்து ஓட்டோ காரைதீவுக்குள் நுழைந்தது, மூன்றாவது பாட்டும் முடிந்தது, ட்ரம்ஸ் வரவில்லை. பரவாயில்லை, பாட்டு இன்னும் இருக்கிறது, கடைசியாக ஒன்பதாவது இருக்கிறது. ஒன்பதாவது வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

பின் ஆசனத்தில் பாத்தும்மா மதினி இருந்தார், அவனுடைய மனைவி றுகையாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, அட்டாளைச்சேனையில் குடியிருக்கிற மகளுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது, பேறுகாலச் சரக்குத்தூளும் நாட்டுக்கோழியுமாகப் போகிறார், சாய்ந்தமருதில் எத்தனை ஓட்டோ இருந்தாலும் மதினி ஏறுவது அவனுடைய ஓட்டோவில்தான், ஏறினால் முதல் வேலை பாட்டைக் குறைக்கச் சொல்வதுதான். இன்றைக்குச் சொல்லவில்லை. அதை அவன் கவனிக்காமல் இல்லை, கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தான், ஆனால் மதினி விடுகிற ஆளா, "நல்ல பாட்டு மச்சான் இது, வழமையா உங்கட ஓட்டோக்குள்ள ஏறினா மண்ட இடிக்கும், இண்டைக்கு நல்லாத் தூக்கம் வருகிது" என்றார், மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொதித்தது. தண்டவாளத்தின் பாட்டுக்குத் தூக்கம் வருகிறதாம்! இதைவிட யாராவது அவனை நடுச்சந்தியில் வைத்து நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். முன்பு பாட்டுக் கேட்டு ஊரில் ஒருவரும் தூங்கியதில்லை, பள்ளிவாசல் மோதினார் வீட்டில் இருந்து ஆள் வந்து நிறுத்தச் சொன்ன நாட்கள் உண்டு, அதெல்லாம் மரியாதை, இது என்ன, மதினிக்குப் பிடித்த தண்டவாளம்…

காலையில் கல்முனையில் ஜவுபரின் றெக்கோடிங் பாரில் சீடியைக் கையில் வாங்கியபோதே ஒரு மாதிரித்தான் இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை. ஜவுபரிடம் எத்தனை நாளாகச் சொல்லிவைத்தது, கொழும்பிலிருந்து பார்சல் வரும்போதெல்லாம் போய் நின்றது, அவனும் அலுத்துப்போய், காக்கா உங்களுக்காகவே அவங்க பாடுறாங்க, வேற ஒருத்தரும் கேக்கல்ல என்று பகிடி பண்ணியது, எல்லாம் கழிந்து இன்று கையில் வந்தால், அட்டையில் அந்தி வெயில், ஒற்றைத் தோணி, ஒரு புறா. புறா! தலைப்பு 'அமைதிக் கரை'. கீழே ஏதோ வங்கியின் சின்னம், ஏதோ டெலிபோன் கம்பனியின் சின்னம். அந்தக் காலத்து அட்டைகள் எப்படி இருக்கும், கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி எடுத்த தாள், நாலு பேரும் றெயில் கேட்டில் ஏறி உட்கார்ந்து உங்களை ஏன் பார்க்கவேண்டும் என்கிற மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு… சரி, அட்டையைப் பார்த்துப் பாட்டை எடைபோடக் கூடாது, யுத்தம் முடிந்து ஒரு வருடம், எல்லாரும்தான் புறாப் போடுகிறார்கள், சோப்புப் பெட்டியிலும் புறாதான். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டு அட்டையைத் திருப்பினான், விரல் தானாக ஒன்பதாவது வரிக்குப் போனது. 'பூமானே' என்றிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கிழக்கிலங்கை நாட்டார் பாடல்'. கடைக்குள் வெளிச்சம் காணாது என்று வாசலுக்கு வந்து பார்த்தான், அங்கேயும் அதேதான் இருந்தது.

நாட்டார் பாடலாம். எந்த நாட்டார்? சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் ஆதம்பாவாவின் மகள் றுகையா என்கிற நாட்டார். கலியாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டுக்கே குடிவந்த புதிதில், சாமான் சட்டி என்று அவன் கொண்டுவந்தது ஒரு கசட் றேடியோவும் சப்பாத்துப் பெட்டி நிறையத் தண்டவாளம் கசட்டுகளும்தான், மாப்பிள்ளை சீதனம் கேட்பார் என்று பார்த்தால் மாப்பிள்ளை பற்றரி கேட்கிறார் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். றுகையாவுக்கு அந்தப் பாட்டுகள் கண்ணில் காட்டக் கூடாது, தகரத்தக் கல்லால அடிக்கிறத்துக்கு இவ்வளவு காசா என்பாள், ஆனால் வெறுமனே ஏசுகிறவள் அல்ல அவள், ஏச்சைக் கவியாகக் கட்டுகிறவள். அடுப்படியில் நின்று, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேலிக்கு அந்தப்பக்கம் போகாத சத்தத்தில், அவனுடைய காதுக்கு மட்டும்…

அடுப்பில சோறெரிய
அடுத்தவீடு மணமறிய
பொட்டிக்குள்ள குடியிருக்கும்
பூமானே இறங்கிவாங்க

அடுப்பில் சோறு உண்மையிலேயே எரிந்துகொண்டுதான் இருந்தது அன்றைக்கு, அவள் தண்ணீர் அள்ளப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள், அவன் றேடியோவுக்குள் தலையைக் கொடுத்திருந்தான். முதல் மூன்று அடியையும் ஓட்டமாய் ஓடிச் சொல்லுவாள், 'பூமானே'யில் மட்டும் நின்று, மூக்கால் ஓர் இழுப்பு, அதில் அவ்வளவு கொழுப்பும் இருக்கும், இழுத்த கையோடு 'இறங்கிவாங்க'வைத் தொப்பென்று கீழே போட்டு, அகப்பையால் பானை விளிம்பில் 'டங்' என்று ஒரு தட்டு. அந்தத் தட்டோடுதான் கவி முடியும். தட்டிவிட்டுச் சிரிப்பாள். பிறகு அது பழகிப்போய், சோறு எரியாத நாளிலும், அவன் புதுக் கசட் வாங்கி வருகிற நாளெல்லாம், செக்பொயின்ட்டில் நின்று நேரம் பிந்தி முகம் செத்து வருகிற நாளிலும், பூமானே இறங்கிவாங்க, டங். அவ்வளவு காலமும் அந்த வீட்டில் அவனுக்கு விழுந்த சாப்பாட்டுமணி அதுதான். ஒருமுறை களவாக றெக்கோட் பட்டனை அமத்தி வைத்தான், பாதியில் சிவப்பு லைட்டைக் கண்டுவிட்டாள், என்ட குரல் பொட்டிக்குள்ள போறதா, அல்லாஹ்வே, நாலு ஆம்பிளை கேக்கிறத்துக்கா என்று ஈரக்கையாலேயே பாய்ந்து நிறுத்தினாள், மூன்று அடியும் அரை இழுப்பும் மட்டும் பதிந்திருந்தது. அந்தக் கசட்டும் போய்விட்டது. கசட்டுகள் போயின, றேடியோ போனது, வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது, அவன் அம்பாறை ஆஸ்பத்திரிக்கு ஹயர் போய்விட்டுத் திரும்பி, இதே காரைதீவுச் சந்தியில், சனம் எதிரே ஓடிவரக் கண்டு, என்ன, ஆமி சுடுகிறானா என்றுதானே கேட்டான், கடல் வந்திட்டு என்று ஒருவர் சொன்னபோது விளங்கவில்லையே, கடல் எப்படி வரும், கடலுக்கு நாம் போவதுதானே வழக்கம்… றுகையாவை இரண்டாம் நாள் எடுத்தார்கள். மையவாடியில் ஒரே குழியில் எத்தனை பேரோ, அவள் எந்தப் பக்கம் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது சந்தி தன்பாட்டில் கிடந்தது, வாழைக்குலை ஏற்றிய லொறி ஒன்று திரும்புகிறது, ஆமிக்காரப் பொடியன் ஒருவன் கை காட்டாமல் போனில் கதைத்துக்கொண்டிருந்தான், நாலாவது பாட்டுத் தொடங்கியது, ஒரே பாட்டு மூன்று மொழியில், ஒரு அடி சிங்களம், ஒரு அடி தமிழ், ஒரு அடி இங்கிலீஷ், சின்னப் பிள்ளைகள் கூட்டமாய் லாலாலா. சரி, பிள்ளைகள் பாடினால் என்ன குற்றம்? குற்றமில்லை. பாடுகிற டெரன்ஸுக்கும் வயது அறுபதைத் தொட்டிருக்கும், தொண்டை பழைய தொண்டையாக இருக்குமா, குடிபோன கனடாவில் குளிர் வேறு, கிட்டார் அடித்த துவானுக்கு விரலில் வாதம் என்று எங்கோ வாசித்த ஞாபகம், அவனுக்கே இப்போது ஓட்டோ ஓட்டி முடிந்தால் முழங்கை கடுக்கிறது… புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள், ஒரு காலத்தில் இந்த றோட்டில் அந்தப் பழமொழியைச் சத்தமாய்ச் சொல்ல முடியாது, இப்போது சொல்லலாம், சொல்லித்தான் என்ன, புல்லை மென்றுகொண்டல்லவா இருக்கிறது. ஐந்தாவதும் அப்படித்தான், தென்றல், தோணி, மணல், காதலி. கடலைப் பற்றி இவ்வளவு அழகாகப் பாடுகிறவர்கள் கடலுக்கு எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார்கள்? நிந்தவூர் கடைத்தெருவில் நெரிசலில் ஓட்டோ ஊர்ந்தபோது பக்கத்து ஓட்டோக்காரப் பொடியன் தலையை நீட்டி, என்ன காக்கா, றேடியோவில் மரண அறிவித்தலா என்று கேட்டான், கேட்டுவிட்டுச் சிரித்தான், ஷரிபுதீன் சிரிக்கவில்லை, சத்தத்தைக் குறைத்தான். தண்டவாளத்தின் சத்தத்தை அவன் தன் கையால் குறைத்தது அதுதான் முதல் தடவை.

ஏன் குறைத்தான்? வெட்கம். யாருக்காக வெட்கப்படுகிறான்? சுற்றிவளைப்பு நடந்த இரவுகளில், வெளியே சப்பாத்துக்கால்கள் நடக்க, ஸ்பீக்கரின் மேல் தலையணையை வைத்து அமத்தி, அதற்குமேல் காதை வைத்து 'கேட் பூட்டிக் கிடக்கு' கேட்டவன் அவன், கேட் பூட்டிக் கிடக்கு, றெயில் வரவே இல்லை என்று டெரன்ஸ் அடித்தொண்டையில் கத்துவான், இரண்டு பக்கத்துத் துவக்குக்கும் நடுவில் அகப்பட்ட ஊரில் அது எத்தனை உண்மை, எங்களைப் பற்றித்தான் பாடுகிறான், கொழும்பில் இருந்துகொண்டு எப்படித் தெரிந்தது இவனுக்கு என்று அவனுக்குப் புல்லரிக்கும், தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து, பல்லால் நெரித்து, இன்னும் ஒரு பாட்டுக்காவது உயிர் வரட்டும் என்று… அப்படிக் கத்திய மனிதன்தானே இந்த டெரன்ஸ்? அதே மனிதன்தானே சுனாமி கழிந்து இரண்டாம் மாதம் முகாமுக்கு லொறியில் வந்து இறங்கினான், பள்ளிக்கூட முற்றத்தில், நரைத்த முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, கறுப்பு பெனியனோடு, அரிசியும் பாயும் இறக்கக் கை கொடுத்துக்கொண்டு. ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை, யாரோ என்ஜிஓ ஆள் என்று நினைத்தார்கள், ஷரிபுதீன்தான் வரிசையை விட்டுவிட்டுப் போய் முன்னால் நின்று, அவர்களின் கசட்டுகளின் பேரை ஒன்றொன்றாய்ச் சொன்னான், முதல் கசட்டில் இருந்து கடைசிக் கசட்டு வரை, சொல்லச் சொல்ல டெரன்ஸின் முகம் மாறியது, தூக்கிய அரிசிமூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நானா, நானா என்றான், கொழும்பு ஆட்கள் அண்ணனைக் காக்கா என்று சொல்லத் தெரியாமல் நானா என்பார்கள், அதுவும் அன்றைக்கு இனித்தது. வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டான். என்ட மனுசி மவுத்து என்றான் இவன், அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேதான் அது நடந்தது. உங்க ஊர்ப் பாட்டு ஏதாச்சும் சொல்லுங்க நானா, நாங்க திரும்பப் பாடப்போறோம், உங்களுக்காக ஒண்ணு பாடணும் என்று டெரன்ஸ் கேட்க, ஷரிபுதீனின் வாயில் வேறெது வரும்? கவியைச் சொன்னான், இழுப்போடு சொன்னான், 'டங்'கைத் தண்ணீர்ப் பவுசரின் தகரத்தில் தட்டிக் காட்டினான். யார் கட்டியது என்று கேட்டபோதுதான்… பிற ஆம்பிளைக்கு முன்னால், என் பெண்சாதி கட்டிய கவி, அவள் இப்படித்தான் எனக்குப் பாடுவாள் என்று எந்த மனிதன் சொல்லுவான்? உயிரோடு இருக்கிறபோதே வேலி தாண்டாத குரல், மையித்தான பிறகு அதை லொறியில் ஏற்றி அனுப்புவதா? நம்மட ஊர்க் கவிதான், பழைய ஆக்கள் பாடுறது என்றான். அதனால் அட்டையில் நாட்டார் பாடல் என்று போட்டதற்கு அவனை ஏசமுடியாது, ஏசவும் இல்லை, ஜவுபரின் கடை வாசலில் நின்றபோது கொஞ்சம் நொந்தது, அவ்வளவுதான், பேர் இல்லாமல் வந்தால்தான் றுகையாவுக்கும் பிடித்திருக்கும். அதுவல்ல விசயம். அன்றைக்கு டெரன்ஸின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான், ட்ரம்ஸ் இரிக்கணும், கிட்டார் கத்தணும், மெதுவாக் கிதுவாப் பாடிப் போடாதங்க, இது அழுகிற கவி இல்ல, சிரிக்கிற கவி. டெரன்ஸ் நெஞ்சில் கை வைத்தான். "நானா, சத்தியமா. ட்ரம்ஸ் இல்லாம தண்டவாளமா?" என்றான். அந்த வார்த்தையைத்தான் அவன் ஐந்து வருடம் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தான், புது வீடு கட்டித் தந்தபோதும், மகள் நஸ்லினைக் கலியாணம் செய்து கொடுத்தபோதும், யுத்தம் முடிந்தது என்று வெடி கொளுத்தியபோதும், எல்லாம் சரி, பாட்டு வரட்டும், அந்த 'டங்' ஒரு பெரிய ட்ரம்ஸில் விழட்டும், அவளுடைய சிரிப்பு இந்த ஓட்டோவின் கூரை அதிர வந்து விழட்டும், பிறகு பார்ப்போம் என்று.

களியோடைப் பாலம் தாண்டியது, இரண்டு பக்கமும் வெள்ளாண்மை வயல், கதிர் தள்ளாத குடலைப் பருவம், காற்று பச்சையாக வந்தது, ஆறாவது போனது, ஏழாவது போனது, எட்டாவது பாட்டில் டெரன்ஸ் பாடவே இல்லை, கவிதை வாசித்தான், மன்னிப்போம் மறப்போம் என்று. யாரை? எதை? கேட் பூட்டிக் கிடந்த காலத்தில் நீ எங்கே இருந்தாய் என்று அவன் ஒருநாளும் டெரன்ஸைக் கேட்டதில்லை, போனவன் போனான், பிழைத்தால் போதும், பாட்டாவது மிஞ்சியிருக்கிறதே என்றிருந்தான். இப்போது மறக்கச் சொல்கிறான். கோழி ஒருமுறை கொக்கரித்தது, மதினி அதன் தலையைச் சீலைத் தலைப்பால் மூடினார், ஒலுவில் வெளிச்சவீடு தென்னைகளுக்கு மேலால் தெரிந்தது, ஷரிபுதீன் சத்தத்தை மீண்டும் கூட்டினான், முழுக்கக் கூட்டினான், வலதுகை அக்சிலேட்டரில், இடதுகை விரல்கள் ஹாண்டிலின் தகரத்தில் தயாராய், 'டங்' வருகிற இடத்தில் தானும் தட்டவேண்டும் என்று.

முதலில் அலைச் சத்தம் வந்தது. உண்மையான அலை, றெக்கோட் பண்ணிய அலை. அவனுடைய கால் தானாக பிரேக்கைத் தேடியது. பிறகு பெண்கள் கூட்டமாக ம்ம்ம் என்று முனங்கினார்கள், பிறகு அந்தப் புல்லாங்குழல், பிறகு டெரன்ஸ், காற்றை விழுங்கி விழுங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு, அடுப்பில… சோறெரிய… அடுத்தவீடு… மணமறிய… ஓடவேண்டிய அடிகள் ஊர்ந்தன, சரி, ஊரட்டும், மெட்டு அதுதான், அவள் மெட்டுத்தான், மெதுவாகத் தொடங்கிப் பிறகு வெடிக்கப்போகிறார்களோ, பழைய பாட்டிலும் அப்படி ஒரு தந்திரம் உண்டு… கடலுக்குள்ள குடியிருக்கும்… என்ன? பூமானே… கரைக்கு வாங்க… என்ன சொன்னான்? கடலுக்குள்ளயா? பொட்டி எங்கே? பொட்டியை எடுத்துவிட்டுக் கடலை வைத்திருக்கிறார்கள், இறங்கச் சொன்னவளைக் கரைக்கு வரச் சொல்லி அழவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான், ஒரு இடத்தில் கை வைத்தால் போதும் எல்லாம் தலைகீழ், பாட்டில் அடுப்பு எரிகிறது, சோறு கருகுகிறது, பெண் கரையில் நின்று கடலுக்குள் போன புருசனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுகிறாள். அப்படியானால் யார் செத்தது? நானா? அவள் உயிரோடு நிற்கிறாளா? கொஞ்ச நேரம், ஒரு மின்கம்பத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் இடையில், அது நல்லதாகக்கூடப் பட்டது, நான் போய் அவள் நிற்கிறாள், இருக்கட்டுமே… ஆனால் அழுகிறாளே. அவள் எப்போது அழுதாள்? வாப்பா மவுத்தானபோதுகூடக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினாளே, அவளை இப்படி நாடு முழுக்கக் கேட்க அழவிட்டுவிட்டானே, ஏமாத்திப்போட்டானே, நெஞ்சில் கை வைத்துச் சொன்னானே, சத்தியம் என்றானே! விரல்கள் தகரத்தின் மேலேயே நின்றன, தட்டுவதற்கு இடம் வரவில்லை. 'வாங்க'வைக் குழல் வாங்கிக்கொண்டு மேலே மேலே போய் மறைந்தது, அலை அடித்தது, முடிந்தது.

சீடியை எடுத்து வெளியே எறியத்தான் கை போனது. பின்னால் மதினியின் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது, கண்ணாடியில் பார்த்தான், சீலைத் தலைப்பு கோழியை விட்டுவிட்டு முகத்துக்கு வந்திருந்தது. ஜனாஸாவில் அழாதவர், முகாமில் அழாதவர், ஊரார் இவள் கல்லா மனுசியா என்று கதைத்த பாத்தும்மா மதினி. "ஆரு மச்சான் இது பாடுற? இன்னொருக்காப் போடுங்க," குரல் உடைந்து வந்தது, "என்னெண்டு தெரியா, றுகையாட நினைவு வந்திட்டு." நீட்டிய கையை ஷரிபுதீன் இழுத்துக்கொண்டான், சொல்லாமல் விடலாம், இன்னொரு தடவை போட்டுவிட்டுப் பேசாமல் ஓட்டலாம், ஆனால் இந்தப் பொய் அழுகைக்கு அவளுடைய சொந்த ராத்தா அழுவதா, அவளுக்கு அது எவ்வளவு அவமானம், உண்மையைத் தெரிந்தாவது அழட்டும், அல்லது சிரிக்கட்டும், சிரித்தால் இன்னும் நல்லது… பாலமுனைக்கு இந்தப்பக்கம் ஒரு வாகை மர நிழலில் ஓட்டோவை ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினான், செட்டையும் நிறுத்தினான்.

"இது றுகையாட கவி மதினி" என்றான், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

"என்னத்தக் கதைக்கீங்க?"

"அவ கட்டின. என்னை ஏசிக் கட்டின. குசினிக்குள்ள நிண்டு பாடுவா, எனக்கு மட்டும். இவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்த. இவன் பிழையாப் பாடிப்போட்டான், இது இப்பிடி இல்ல."

என்ட தங்கச்சியா, எனக்குத் தெரியாமலா என்று மதினி தனக்குள் கேட்டுக்கொண்டார், பிறகு முன் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார். "அப்ப நீங்க பாடுங்க பாப்பம். அவள் எப்பிடிப் பாடின?"

அதற்கென்ன, பாடினால் போயிற்று, அது அவனுக்கு மட்டும்தானே தெரியும், நஸ்லினுக்குத் தெரியாது, மதினிக்குத் தெரியாது, கசட்டில் இல்லை, உலகத்தில் வேறெங்கும் இல்லை, அவன் காதுக்குள் அப்படியே இருக்கிறது. தொண்டையைச் செருமினான். அடுப்பில சோறெரிய… ஓடவேண்டும், இன்னும் கொஞ்சம் ஓடவேண்டும், கால் சேற்றில் அகப்பட்ட மாதிரி சொல் நகரவில்லை, அடுத்தவீடு மணமறிய… மூச்சு எங்கே இருந்து வருகிறது இவ்வளவு… பொட்டிக்குள்ள என்று கவனமாய்ச் சொன்னான், சொல் தப்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ், இனி இழுப்பு, மூக்கால், கொழுப்போடு, பூமானே… இழுத்தான், அது மூக்குக்கு வரவில்லை, நெஞ்சில் இருந்து எழும்பி, குழைந்து, குழல் போன வழியிலேயே மேலே மேலே போனது. நிறுத்தினான். எச்சில் விழுங்கினான். அவளுடைய முகத்தை நினைத்தான், அகப்பையை நினைத்தான், பானை விளிம்பை நினைத்தான், எல்லாம் தெரிந்தது, வாய் அசைவதுகூடத் தெரிந்தது, சத்தம் மட்டும் டெரன்ஸின் சத்தமாக இருந்தது. மறுபடியும் பூமானே, இறங்கிவாங்க, விரலால் தகரத்தில் தட்டினான், தட்டு பிந்தி விழுந்தது, பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல், யாரோ கதவைத் தட்டின மாதிரி. இன்று காலை வரை இருந்ததே! சுபஹ் தொழுதுவிட்டு ஓட்டோவைத் துடைக்கும்போதுகூட முணுமுணுத்தானே, அது எப்படி இருந்தது, எப்படி…

பின்னால் மதினி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

"அல்லாஹ்வே… அவளேதான் மச்சான்," என்றார். "அவள்ட குரலேதான். அப்பிடியே இரிக்கி."

கோழி சீலைக்குள்ளிருந்து தலையை எடுத்து வெளியே பார்த்தது. றோட்டில் ஒரு பஸ் போனது. ஷரிபுதீன் செட்டைப் பார்த்தான், பட்டன்கள் இருந்த இடத்தில் இருந்தன, இல்லை மதினி, அவள் இப்படி இல்லை, அவள் சிரிப்பாள் என்று சொல்லத் தொடங்கினால், அப்ப எப்பிடி என்று திரும்பவும் கேட்பார்…

"ஓம் மதினி" என்றான், எஞ்சினை இயக்கினான்.